டெல்டா வீடுகளில் கிட்டாரும் பேஸும்: குறைந்த செலவில் பதிவுசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்தில் கிட்டார் வாசிப்பவர்கள் பலரும் தேவாலயப் பாடகர் குழுவிலோ திருவிழா மெல்லிசைக் குழுவிலோ கை பழகியவர்கள். மேடையில் தயக்கமில்லாமல் வாசிக்கும் இவர்களிடம் இன்று, "ஒரு கிட்டார் டிராக் மட்டும் வீட்டிலேயே வாசித்து அனுப்ப முடியுமா?" என்று இசையமைப்பாளர்களும் நண்பர்களும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அப்படிக் கேட்கப்படுபவர்களுக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி, மின்சாரம் சீராக உள்ள, கதவை மூடினால் வெளிச்சத்தம் நின்றுவிடுகிற வீடுகளை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. நம் வீடுகள் அப்படிப்பட்டவை அல்ல. ஆகவே செலவின் வரிசையையும் நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் மின்சாரத்தையும் எர்த்தையும் சரிசெய்ய வேண்டும். அடுத்து கருவியின் கம்பிகள், அதன் பிறகு நல்ல இன்டர்ஃபேஸ் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் சிறு பெட்டி), எல்லாவற்றுக்கும் கடைசியாக மைக். எலெக்ட்ரிக் கிட்டாரையும் பேஸையும் மைக் இல்லாமல் நேரடியாகக் கணினிக்குள் செலுத்திவிட்டால், அறையின் குறைகளில் பெரும்பாலானவை பதிவுக்குள் வரவே வராது.

மின்சாரமும் எர்த்தும்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்துபாருங்கள். கிட்டாரை இன்டர்ஃபேஸில் செருகி, வாசிக்கும் அளவுக்குக் கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவை) உயர்த்தி, எதுவும் வாசிக்காமல் அரை நிமிடம் பதிவுசெய்து ஹெட்போனில் கேளுங்கள். (இன்டர்ஃபேஸ் இல்லாதவர்கள் இதை ஒரு நண்பருடைய கருவியை இரவல் வாங்கியாவது செய்துவிடுவது நல்லது.) தாழ்ந்த ரீங்காரம் ஒன்று கேட்டால், அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரமும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸ் ஒலிகளுமே. அது எங்கிருந்து வருகிறது என்பதை ஒவ்வொன்றாக விலக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றியதும் ஒலி மறைந்தால் குற்றவாளி சார்ஜர். பதிவு நேரத்தில் பேட்டரியில் ஓட்டினால் போதும். கிட்டாரைப் பிடித்தபடி நாற்காலியோடு மெதுவாகத் திரும்பும்போது ரீங்காரம் கூடிக் குறைந்தால், அருகிலுள்ள டியூப்லைட் சோக், மின்விசிறி ரெகுலேட்டர், ஸ்டெபிலைசர் போன்ற ஒன்றின் காந்தப் புலத்தை, கம்பியின் அதிர்வை மின் அலையாக்கும் பிக்அப் வாங்கிக்கொள்கிறது என்று பொருள். ஒற்றைச் சுருள் பிக்அப்களில் இந்தத் தொல்லை மிகுதி. 1950களின் நடுவில் கிப்சன் நிறுவனத்தில் செத் லவர் உருவாக்கிய ஹம்பக்கர் பிக்அப், எதிரெதிர்த் திசையில் இணைத்த இரண்டு சுருள்களைக் கொண்டு இந்த இரைச்சலை ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளச் செய்வதற்காகவே பிறந்தது. ஒற்றைச் சுருள் கிட்டார் வைத்திருப்பவர்கள் இரைச்சல் குறையும் கோணத்தைக் கண்டுபிடித்துத் தரையில் அடையாளம் போட்டுக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து வாசிக்கலாம்.

கிட்டார் கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறதா, கூடுகிறதா என்பதையும் கவனியுங்கள். குறைவது இயல்பு. கூடினால், அல்லது கம்பியைத் தொடும்போது விரலில் லேசாகச் சுருக்கென்று இருந்தால், உடனே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பழைய வீடுகளில் சுவர்ப் பெட்டியில் மூன்று துளைகள் இருந்தும், மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இல்லாத நிலையைப் பரவலாகக் காணலாம். கரியும் உப்பும் இட்ட எர்த் குழி உள்ள வீடுகளில், கோடையில் மண் காய்ந்து இறுகும்போது அதில் தண்ணீர் ஊற்றும் பழைய வழக்கத்தை விட்டுவிடக் கூடாது. ஈர மண்ணில்தான் எர்த் சரியாக வேலை செய்யும். ரீங்காரத்தைப் போக்க ஆம்ப் ப்ளக்கின் எர்த் முனையை உடைத்துவிடுவது சிலரிடம் உள்ள பழக்கம். அது உயிருக்கே ஆபத்தானது.

வீட்டு இன்வெர்ட்டர்களில் விலை குறைந்தவை தரும் மின்னோட்டம் சீரான அலையாக இருப்பதில்லை; சதுர வடிவில் ஏறி இறங்கும் அந்த அலை, ரீங்காரத்தை விடவும் கொடிய கரகரப்பாகப் பதிவில் விழும். ஆகவே இன்வெர்ட்டரில் ஓடும் அறையில் பதிவு வேண்டாம். மின்தடையை மட்டும் பகையாக நினைக்க வேண்டியதில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிறுத்தப்படும் என்று முன்கூட்டியே அறிவிப்பு வருகிறதல்லவா? பேட்டரி நிரம்பிய லேப்டாப்பும், யூஎஸ்பி மூலமே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் இன்டர்ஃபேஸும் இருந்தால், அந்த நேரம் அருமையான பதிவு நேரம். வீட்டு இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டால் ரீங்காரம் இருக்காது; மின்விசிறியும் அக்கம்பக்கத்துத் தொலைக்காட்சியும் வயல் பம்ப்செட்டும் நின்றிருக்கும். கடைத்தெருவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் ஜெனரேட்டர்கள் இந்த வாய்ப்பைக் கெடுத்துவிடும்.

அறையும் பருவமும்

நேரடிப் பதிவுக்கு அறை முக்கியமல்ல. ஆனால் அக்கூஸ்டிக் கிட்டாருக்கும், பதிவுசெய்ததை ஸ்பீக்கரில் கேட்டுச் சமன்செய்வதற்கும் அறையைப் புரிந்துகொள்ள வேண்டும். புதிய கான்கிரீட் வீடுகளில் பத்துக்குப் பத்து அறையும் பத்தடி உயரமும் சாதாரணம். ஒலியைப் பொறுத்தவரை அளவு மூன்றும் ஒன்றாக உள்ள இந்தக் கனசதுரம்தான் மிக மோசமான வடிவம். பத்தடி இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கிடையே நிலைபெறும் மிகத் தாழ்ந்த ஒலி ஏறத்தாழ 56 அல்லது 57 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் திறந்த ஏ கம்பியின் ஒலி 55 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் அந்த ஒரே ஒலியைத் தாங்கிப் பிடிப்பதால், ஏ சுரம் மட்டும் அறையின் ஓரங்களில் பொங்கி எழும். நடுவில் நின்று கேட்டால் காணாமற்போகும். அதை நம்பி மிக்ஸ் செய்பவர் அந்தச் சுரத்தை வெட்டித் தள்ளிவிடுவார். வேறு இடத்தில் கேட்கும்போது பேஸ் ஊனப்பட்டு நிற்கும். அத்தகைய அறை உள்ளவர்கள் பேஸின் அளவை ஹெட்போனில் முடிவுசெய்வதே பாதுகாப்பு.

உயர்ந்த ஒலிகளின் எதிரொலியைக் குறைப்பது எளிது. அறை நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். தட்டிய பிறகு உலோகம் அதிர்வதுபோல் ஒரு சத்தம் நீண்டால், எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். இலவம்பஞ்சு மெத்தை இரண்டைச் சுவரை ஒட்டாமல் சற்றுத் தள்ளி நிமிர்த்தி வைத்தாலே பெரிய வேறுபாடு தெரியும். கோரைப் பாய் மெல்லியது. அது உச்ச ஒலிகளை மட்டும் லேசாகக் குறைக்கும். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவதால் குறிப்பிடத்தக்க பயன் ஏதுமில்லை. எலிக்கும் பல்லிக்கும் குடியிருப்பு அமைவதுதான் மிச்சம். நாட்டு ஓட்டு வீடுகளின் சாய்ந்த கூரையும், கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகளின் முற்றத்தை ஒட்டிய கூடமும் அக்கூஸ்டிக் கிட்டாருக்கு மிக இனிமையான இடங்கள். கூரை சாய்ந்திருப்பதாலும் முற்றம் திறந்திருப்பதாலும் அங்கே ஒலி தேங்குவதில்லை. வெளிச்சத்தம் தாராளமாக உள்ளே வரும் என்பதே அவற்றின் குறை.

அந்த வெளிச்சத்தத்துக்கு ஓர் ஆண்டு ஒழுங்கு உண்டு. ஆடியில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி, ஐப்பசி கார்த்திகையில் மழையும் இரவெல்லாம் தவளையும், மார்கழியில் விடியலுக்கு முன்பே தொடங்கும் பாட்டு, தை மாசியில் சம்பா அறுவடை இயந்திரம் என்று எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை. மைக் வைத்துப் பதிவுசெய்யும் வேலைகளை இவற்றுக்கு இடையே பொருத்திக்கொண்டு, ஒலிபெருக்கி முழங்கும் நாட்களை நேரடிப் பதிவுக்கும் திருத்த வேலைக்கும் ஒதுக்கலாம்.

வாங்க வேண்டியவை

இன்டர்ஃபேஸ் என்பது கிட்டாரின் மின் அலையைக் கணினிக்குப் புரியும் எண்களாக மாற்றும் சிறு பெட்டி. அதில் கட்டாயம் பார்க்க வேண்டியது, கருவிக்கென்று தனி உள்ளீடு இருக்கிறதா என்பதே. ஹை இசட் என்றோ இன்ஸ்ட்ரூமென்ட் என்றோ கிட்டார் படத்தோடோ அது குறிக்கப்பட்டிருக்கும். பேட்டரி இல்லாத பிக்அப்புக்கு ஏறத்தாழ 10 லட்சம் ஓம், அதாவது ஒரு மெகா ஓம் அளவுள்ள உள்ளீடு தேவை. சில ஆயிரம் ஓம் மட்டுமே உள்ள மைக் உள்ளீட்டிலோ, கணினியின் சிறிய மைக் துளையிலோ அடாப்டர் போட்டுச் செருகினால், உச்ச ஒலிகள் கரைந்து போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பெரிங்கர் யூஎம்2, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, பெரிங்கர் யூஎம்சி202ஹெச்டி போன்றவை தொடக்க நிலையில் பலரும் வாங்குபவை. இவற்றில் யூஎம்2 மிக மலிவானது. ஆனால் 16 பிட் மட்டுமே தரும். 24 பிட்டும் இரண்டு உள்ளீடும் தரும் யூஎம்சி202ஹெச்டி, கொடுக்கும் காசுக்கு நிறைவான தேர்வு என்பது என் கருத்து. அக்கூஸ்டிக் கிட்டாரை மைக்கிலும் அதன் பிக்அப்பிலும் ஒரே நேரத்தில் பதிவுசெய்ய இரண்டு உள்ளீடு தேவைப்படும். இணையத்தில் விலை அடிக்கடி மாறும் என்பதால், திருச்சியிலோ தஞ்சாவூரிலோ உள்ள இசைக்கருவிக் கடையில் விலை கேட்டுவிட்டு, இணைய விலையோடு ஒப்பிட்டு முடிவுசெய்யுங்கள். பழுது என்றால் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு கடை இருப்பது சில நூறு ரூபாய் கூடுதலுக்குத் தகுதியானதே.

மேடைக்காக ஏற்கெனவே பாஸ் ஜிடி-1 போன்ற மல்டி எஃபெக்ட்ஸ் கருவியோ, பாஸ் கட்டானா ஆம்ப்போ வைத்திருப்பவர்கள் அதன் பின்புறத்தைப் பார்க்கவும். யூஎஸ்பி வழியாக ஒலியைக் கணினிக்கு நேரே அனுப்பும் வசதி அவற்றில் இருக்கலாம். அப்படியானால் தனி இன்டர்ஃபேஸை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம். எல்லாக் கருவிகளின் யூஎஸ்பி துளையும் ஒலியை அனுப்புவதில்லை, சிலவற்றில் அது மென்பொருளைப் புதுப்பிக்க மட்டுமே பயன்படும் என்பதால், கையேட்டைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஹெட்போன் வயருடன் கூடியதாகவும், காதை முழுவதும் மூடுவதாகவும் இருக்க வேண்டும். புளூடூத் ஹெட்போனில் ஒலி தாமதமாக வந்து சேர்வதால் அதை வைத்துத் தாளத்தோடு வாசிக்க இயலாது. கேபிள் மூன்று மீட்டருக்குள் இருக்கட்டும். நீளம் கூடக்கூடக் கேபிளின் மின்தேக்குத் தன்மை உச்ச ஒலிகளைத் தின்னும். நல்ல ஜேக்கையும் ஷீல்டு வயரையும் தனித்தனியாக வாங்கி, ஊரில் டிவி பழுதுபார்ப்பவரிடம் பற்றவைத்துக்கொண்டால், கடையில் விற்கும் மலிவான ஆயத்தக் கேபிளை விட நெடுநாள் உழைக்கும். கணினியைப் பொறுத்தவரை எட்டு ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் உள்ள எந்த லேப்டாப்பும் போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மோனோ டிராக், நிமிடத்துக்கு ஏறத்தாழ எட்டரை எம்பி இடமே எடுக்கும்.

மென்பொருளில் ரீப்பர் முதலிடம் பெறத் தக்கது. 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். தனிநபர்களுக்கான சலுகை உரிமம் 60 டாலர். ஆப்பிள் கணினி இருந்தால் காராஜ்பேண்ட் இலவசமாகவே கிடைக்கும். ஒடாசிட்டி திருத்த வேலைக்கு நல்லதுதான்; வாசிக்கும்போதே ஆம்ப் ஒலியைக் கேட்டுக்கொண்டு வாசிக்க அது ஏற்றதன்று.

கருவியைத் தயார்செய்தல்

தலைமடையில் கலங்கிய நீர் கடைமடையில் தெளிவதில்லை. மங்கிய கம்பியின் ஒலியை எந்த பிளக்இன்னும் (பதிவு மென்பொருளுக்குள் சேர்த்து ஒலியை மாற்றும் சிறு நிரல்) மீட்டுத் தராது. பதிவுக்கு ஓரிரு நாள் முன்பு கிட்டாருக்குப் புதுக் கம்பி மாற்றி, நன்றாக இழுத்து நிலைப்படுத்தி வைக்க வேண்டும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் கம்பி விரைவில் துருவேறும் என்பதால், வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பேஸ் கம்பி விலை கூடியது. பழைய கம்பியின் மங்கிய, உருண்ட ஒலி பல மெல்லிசைப் பாடல்களுக்குப் பொருந்துவதால், அதை மாற்றுவது கட்டாயமில்லை.

பிறகு 12ஆம் ஃப்ரெட்டைச் சரிபாருங்கள். திறந்த கம்பியையும், அதையே 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் ஒலியையும் டியூனரில் ஒப்பிட்டால், இரண்டும் ஒரே சுரத்தைச் சரியாகக் காட்ட வேண்டும். அழுத்திய சுரம் ஏறிக் காட்டினால் பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடிலைப் பின்னுக்கும், இறங்கிக் காட்டினால் முன்னுக்கும் நகர்த்த வேண்டும். மேடையில் யாரும் கவனிக்காத இந்தச் சிறு பிசகு, பதிவில் கீபோர்டோடு சேரும்போது பளிச்சென்று தெரியும். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பி, அக்கூஸ்டிக் கிட்டாரின் கம்பிகள் ஃப்ரெட்டிலிருந்து உயர்ந்து நிற்பது உண்டு. உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பது அதற்கு ஓரளவு காப்பு.

சுதி விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு தனித் தேவை இருக்கிறது. பாடகர் "ஒன்றரைக் கட்டை" என்பார்; கிட்டார்காரர் அதைத் தன் கருவியில் தேட வேண்டும். ஒரு கட்டை என்பது சி, இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. அரைக்கட்டைகள் அவற்றுக்கு அடுத்த ஷார்ப் சுரங்கள். ஒன்றரைக்கு முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டுச் சி வடிவங்களையும், ஐந்தரைக்கு அதே இடத்தில் ஜி வடிவங்களையும் வாசிக்கலாம். கேப்போ போட்ட பிறகு மறுபடியும் சுதி சேர்க்க மறக்கக் கூடாது. பாடலில் ஆர்மோனியம் இருந்தால், டியூனர் காட்டும் 440 ஹெர்ட்ஸை விட்டுவிட்டு அந்த ஆர்மோனியத்துக்கே கிட்டாரைச் சேர்க்க வேண்டும். அதன் நாக்குகளைப் பாட்டுக்குப் பாட்டு மாற்ற முடியாது, நம்மால் முடியும்.

கணினியில் அமைப்பும் அளவும்

விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும், ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரை நிறுவுங்கள். அப்படி ஒன்று இல்லாத கருவிக்கு ஏசியோ4ஆல் இலவசமாகக் கிடைக்கும். பதிவு அளவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்து, பஃபரை (கணினி ஒரு தடவையில் எடுத்துக் கையாளும் ஒலித் துண்டின் அளவை) 128 சாம்பிளில் தொடங்குங்கள். 128 சாம்பிள் என்பது 2.7 மில்லிசெகண்ட், போய்வரும் வழி முழுவதையும் கணக்கிட்டால், பல கருவிகளில் இது 10 மில்லிசெகண்டை ஒட்டி வரும். மேடையில் ஆம்ப்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்றாலே ஒலி காதுக்கு வர ஏறத்தாழ 9 மில்லிசெகண்ட் ஆகிறது என்பதால், இந்தத் தாமதம் கைக்குத் தட்டுப்படாது. பதிவில் பட்பட்டென்று வெடிப்பு கேட்டால் பஃபரை 256ஆக உயர்த்துங்கள். வைஃபையை அணைப்பதும் சில லேப்டாப்களில் உதவும்.

அளவு அமைப்பில் புதியவர்கள் செய்வது, பச்சை விளக்கு சிவப்பைத் தொடும்வரை கெயினை ஏற்றுவது. டிஜிட்டலில் உச்ச வரம்பைத் தாண்டியது மீளாது. பாடலில் மிக வேகமாக அடிக்கும் பகுதியை வாசித்துக்கொண்டே, உச்சம் பூஜ்யத்துக்குக் கீழே 12 முதல் 6 டெசிபலுக்குள் நிற்கும்படி கெயினை வைக்க வேண்டும். 24 பிட்டில் சத்தமற்ற இடம் தாராளமாக இருப்பதால், குறைவாகப் பதிவுசெய்வதால் தரம் போகாது. 16 பிட் கருவி வைத்திருப்பவர்கள் மட்டும் 6ஐ ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

எலெக்ட்ரிக் கிட்டார்

ஆம்ப் பிளக்இன்னை டிராக்கின் மீது போட்டு, அதன் ஒலியைக் கேட்டுக்கொண்டே வாசியுங்கள். ஆனால் கோப்பில் பதிவாவது எந்த மாற்றமும் இல்லாத தூய கிட்டார் ஒலியாக இருக்கட்டும். ரீப்பரில் டிராக் எஃபெக்ட்ஸ் பகுதியில் பிளக்இன்னைச் சேர்த்தால் இப்படித்தான் நடக்கும்; இன்புட் எஃபெக்ட்ஸில் சேர்த்தால் ஒலி மாறிய நிலையிலேயே பதிவாகிவிடும். தூய ஒலி கையில் இருந்தால், இசையமைப்பாளர் பிறகு ஆம்ப்பை மாற்றச் சொன்னாலும் மறுபடி வாசிக்க வேண்டியதில்லை. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற திறமூல பிளக்இன் இலவசமாகக் கிடைக்கிறது. உண்மையான ஆம்ப்களைக் கணினிக்குக் கற்பித்து உருவாக்கிய மாதிரிக் கோப்புகளை ஏராளமானோர் இணையத்தில் பகிர்கிறார்கள். ஆம்ப்புக்குப் பிறகு ஸ்பீக்கர் பெட்டியின் தன்மையைத் தரும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்பு ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் டிஸ்டார்ஷன் ஒலி, கொசு மொய்ப்பதுபோல் எரிச்சலூட்டும். பிளக்இன் கிட்டார் சரியில்லை என்று சொல்லி விலகிப்போகிற பலர், உண்மையில் இந்த ஒரு கோப்பைச் சேர்க்கத் தவறியவர்களே.

ஒலி அகலமாக வேண்டுமென்றால் ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் வைக்க வேண்டும். ஒரே பதிவை நகலெடுத்து இரு பக்கமும் வைத்தால் அகலம் வராது. சத்தம் மட்டும் கூடும். இரண்டு வாசிப்புகளின் நுண்ணிய வேறுபாடுதான் அகலமாகக் கேட்கிறது. இரட்டித்து வாசிக்கும்போது டிஸ்டார்ஷனை வழக்கத்தை விடக் குறைத்து வையுங்கள்.

உண்மையான ஆம்ப்பைப் பதிவுசெய்ய விரும்புபவர்களுக்கு டைனமிக் மைக் போதும். 1965இல் வெளிவந்த ஷூர் எஸ்எம்57 இன்றும் இதற்கு அளவுகோல். மலிவுக்குப் பெரிங்கர் எக்ஸ்எம்8500 குறையில்லாமல் வேலை செய்யும். ஆம்ப்பைத் தரையிலிருந்து தூக்கி நாற்காலியில் வைத்து, வலையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி மைக்கை நிறுத்துங்கள். கூம்பின் நடுவை நோக்கினால் ஒலி கூர்மையாகவும், ஓரத்தை நோக்கினால் மென்மையாகவும் இருக்கும். நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே விரலளவு நகர்த்திக் கேட்பது, ஈக்வலைசரில் ஒரு மணி நேரம் செலவழிப்பதைவிடப் பயன் தரும்.

அக்கூஸ்டிக் கிட்டார்

நம் வீடுகளில் கடினமான பகுதி இதுவே. மைக்கை ஒலித்துளைக்கு நேரே வைத்தால் தாழ்ந்த ஒலி பொங்கிக் குழம்பும். 12ஆம் ஃப்ரெட்டிலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி, கழுத்தும் உடலும் சேரும் இடத்தை நோக்கிச் சற்றே சாய்த்து வைப்பது பாதுகாப்பான தொடக்கம். கண்டென்சர் மைக் நுட்பமாகப் பதியும். அதே நுட்பத்தோடு அடுத்த தெரு நாயையும் பதியும். தெருச் சத்தம் மிகுந்த வீட்டில் டைனமிக் மைக்கை அருகே வைப்பது மேல். மின்விசிறியை நிறுத்தி, வளையல், கடிகாரம், சட்டைப் பொத்தான் எதுவும் கிட்டாரில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிட்டாரில் பீசோ பிக்அப் (பிரிட்ஜின் அதிர்வை மின் அலையாக்குவது) இருந்தால் அதையும் இரண்டாவது உள்ளீட்டில் சேர்த்துப் பதிவுசெய்யுங்கள். பீசோ ஒலி தனியே கேட்டால் பிளாஸ்டிக்போல் இருக்கும். ஆனால் மைக் ஒலியின் கீழே லேசாகக் கலந்தால் தெளிவைக் கூட்டும், நல்ல வாசிப்பின் நடுவே ஒரு ஆட்டோ ஹாரன் விழுந்தால் அந்த ஓரிரு வினாடியைப் பீசோவைக் கொண்டு நிரப்பவும் உதவும். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது தாழ்ந்த ஒலி மெலிந்தால், ஒரு டிராக்கின் துருவத்தைத் திருப்பிப்பாருங்கள். எந்த நிலையில் ஒலி கனமாகிறதோ அதுவே சரி.

பேஸ்

பேஸை நேரடியாகவே பதிவுசெய்யுங்கள். ஆம்ப்பும் மைக்கும் தேவையில்லை. பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களிலும் பேஸுக்கு நேரடிப் பதிவு வெகுகாலமாக வழக்கத்தில் இருப்பதால், இதைச் சமரசமாக எண்ண வேண்டாம். பேட்டரி உள்ள ஆக்டிவ் பேஸ் உள்ளீட்டைக் கிளிப் செய்தால், அதாவது உச்ச வரம்பைத் தாண்டினால், பேஸின் வால்யூமைச் சற்றுக் குறையுங்கள், அல்லது லைன் உள்ளீட்டுக்கு மாற்றுங்கள். பதிவுக்கு முன் புதிய பேட்டரி போடுவதும் நல்லது. தீரும் நிலையிலுள்ள பேட்டரி ஒலியை மெல்லச் சிதைக்கும்.

பேஸின் தரத்தில் முக்கால் பங்கு விரலில் இருக்கிறது. ஒவ்வொரு சுரமும் ஒரே அழுத்தத்தில், வேண்டிய நீளத்துக்கு ஒலித்து, வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும். வாசிக்காத கம்பிகளை இடக்கை விரல்களாலும் வலக்கைக் கட்டைவிரலாலும் தொட்டு அடக்காவிட்டால், அவை ஒத்ததிர்ந்து அடியில் ஒரு சேறு படியும். கிளிக்கோடு (தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் ஒலியோடு) மட்டும் வாசித்துப் பதிவுசெய்து, பாடலை அணைத்துவிட்டுப் பேஸைத் தனியே கேட்டால் இந்தக் குறைகள் எல்லாம் வெளிப்படும்.

மிக்ஸில் முதல் வேலை 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுவது. நான்கு கம்பிப் பேஸின் மிகத் தாழ்ந்த இ சுரமே 41 ஹெர்ட்ஸ்தான். அடுத்து, சத்தத்தின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரசரை 4க்கு 1 என்ற விகிதத்தில், அட்டாக் (அது வேலையைத் தொடங்க எடுக்கும் நேரம்) 20 முதல் 40 மில்லிசெகண்டுக்குள் வைத்து, உச்சத்தில் நான்கைந்து டெசிபல் குறையும்படி அமையுங்கள். நம் ஊரில் பாடலை முதலில் கேட்பது பெரும்பாலும் கைபேசியில். அதன் சிறு ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆகவே டிராக்கை இரண்டாக நகலெடுத்து, ஒன்றில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் தூய்மையாக வைத்து, மற்றொன்றில் அதற்கு மேலுள்ளதற்கு லேசான டிஸ்டார்ஷன் கொடுத்தால், மேல் ஒத்திசைகள் பெருகிக் கைபேசியிலும் பேஸ் எந்தச் சுரத்தில் நடக்கிறது என்பது கேட்கும். பாடலில் தபேலாவின் இடப்பக்கமோ மிருதங்கத்தின் தொப்பியோ முக்கியமாக இருந்தால், அவை கும்கியால் நெளிந்து வரும் இடங்களில் பேஸ் நீண்ட சுரத்தைப் பிடிக்காமல் ஒதுங்கியிருப்பதே அழகு. இதை ஈக்வலைசரால் சாதிக்க முயல்வதை விட, வாசிப்பிலேயே இடம் விடுவது எளிது.

பேஸ் கிட்டார் இல்லாதவர்கள், சாதாரணக் கிட்டாரின் தடித்த கம்பிகளில் ஒற்றைச் சுரமாக வாசித்து, ஆக்டேவ் பிளக்இன் மூலம் ஓர் ஸ்தாயி இறக்கலாம். மாதிரிப் பதிவுக்கு அது போதும்.

அனுப்புதலும் பராமரிப்பும்

ஒவ்வொரு டிராக்கையும் பாடலின் முதல் புள்ளியிலிருந்தே தொடங்கும் 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். கிட்டார் இரண்டாவது சரணத்தில்தான் நுழைகிறது என்றாலும், முன்பகுதியை வெற்று அமைதியாகவே விட்டுவிட வேண்டும். அப்போதுதான் பெறுபவர் கோப்பைப் போட்டவுடன் இடம் பிசகாமல் பொருந்தும். கோப்பின் பெயரில் பாடல், கருவி, தாள வேகம், கட்டை ஆகிய நான்கும் இருக்கட்டும். தூய ஒலிக் கோப்பையும், நீங்கள் விரும்பிய ஆம்ப் ஒலியோடு கூடிய கோப்பையும் சேர்த்தே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பினால் ஒலி சுருங்கித் தரம் கெட வாய்ப்புண்டு. டாக்குமென்ட் என்ற வழியில் இணைத்தோ, கூகுள் டிரைவ் மூலமோ அனுப்ப வேண்டும்.

மைக்கையும் இன்டர்ஃபேஸையும் வேலை முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்துவிடுங்கள். ஐப்பசி ஈரம் கண்டென்சர் மைக்கின் மெல்லிய தகட்டில் படிந்தால், அடுத்த பதிவில் பொரிவதுபோன்ற சத்தம் வரும். நீல நிற ஜெல் வெளிர் சிவப்பானால் ஈரம் நிரம்பிவிட்டது என்று பொருள்; சமைக்கப் பயன்படுத்தாத பாத்திரம் ஒன்றில் இட்டு, மிதமான சூட்டில் உலர்த்தினால் மறுபடி நீலமாகும். ஜேக் துளைகளில் கரகரப்பு தொடங்கினால் கான்டாக்ட் கிளீனரை ஒருமுறை தெளித்து, ஜேக்கை நான்கைந்து தடவை செருகி எடுங்கள். பதிவுக் கோப்புகளின் இரண்டாவது நகல் ஒன்று, லேப்டாப்புக்கு வெளியே தனி ஹார்டு டிஸ்க்கில் இருக்க வேண்டும்.